இரண்டாவது படம்

என் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் 'அசையாதே' என்று பட்டப்பெயர். ஊசியில் கதிர்மருந்து ஏற்றி உடம்புக்குள் படம் பிடிக்கும் அறையில் அவனுக்கு இருபத்திரண்டு வருட வேலை. யார் வந்து படுத்தாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். வீட்டில் மகளுக்கு நகம் வெட்டும்போதும் அதே அதட்டல். எவ்வளவு பெரிய மனிதர் தலைகீழாக நின்றாலும் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நிமிஷம் குறைக்க மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு ஆளுக்கு வளைந்து கொடுத்தான். அந்த ஆள் நான்.

அப்போது எனக்குத் தொண்டைதான் சோறு போட்டது. நாற்பது தையல் மெஷின் ஓடும் கூடத்தில் நான் மேற்பார்வை. "ஏய்" என்றால் நாற்பதும் நிற்கும். எனக்கு வாய் நீளம் என்பதை என் வீட்டுக்காரர் கல்யாணத்தன்றே கண்டுபிடித்துவிட்டார், பாவம்.

எலும்பெல்லாம் குடைந்தது. சிறுநீரகத்தில் இரண்டு தடவை கல். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டாம். அதில் ஒன்று கொழுத்துப்போய் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது, எதுவென்று படம்தான் காட்டும் என்றார் டாக்டர். தம்பியின் அறைக்கே போனேன்.

முதல் படம் சீக்கிரம் முடிந்தது.

"மூணு மணி நேரம் கழிச்சு ரெண்டாவதுக்கா. இப்ப தைராய்டும் சேர்ந்து மினுங்குது. போகப்போக அது மங்கிடும், கெட்டது மட்டும் நிக்கும்."

"சாயங்காலம் லாரி வருதுடா. எழுநூறு சட்டைக்குப் பொத்தான் வைக்கணும். இப்பவே எடு."

"முடியாதுக்கா."

"உன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நான். ஊர்ல உள்ளவங்கள அதட்டு. என்கிட்ட வேணாம்."

ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் எடுத்தான். மூன்று மணி நேரம் ஆனதுபோலத் தெரிய, ஊசி போட்ட நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி எழுதினான். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினேன்.

படத்தில் இடப்பக்கம் ஒரு புள்ளி மினுங்கியது. அங்கேயே கழுத்தைத் திறந்தார்கள். எடுத்தது தைராய்டில் இருந்த ஏதோ ஒரு சின்னக் கட்டி. கால்சியம் அசையவில்லை.

அறுவை டாக்டர் தங்கமானவர். கட்டிலருகே வந்து, "இந்தப் படம் எல்லாருக்கும் சரியா காட்டாதும்மா. சிலருக்குத் தவறும். யார் மேலயும் குத்தமில்ல" என்றார். தம்பி சுவரோரமாகத் தலை குனிந்து நின்றான். நான் அந்தச் சிலரில் ஒருத்தி இல்லை என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வாய் நீளக்காரி நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் முறை வேறொருவர் படம் எடுத்தார், மூன்று மணி நேரம் காத்திருந்து. கெட்ட சுரப்பி அதே பக்கம், உள்ளே, உணவுக்குழாயை ஒட்டிக் கிடந்தது. ஏற்கெனவே கத்தி பட்டு இறுகிப்போன இடம். சுரப்பி வந்தது, கால்சியம் இறங்கியது. குரலுக்குப் போகும் நரம்பு அடிபட்டுவிட்டது.

இப்போது எனக்கு மிஞ்சியது காற்றுதான். கூடத்தில் வேறொருத்தி "ஏய்" என்கிறாள். நான் மூலையில் பொத்தான் சரிபார்க்கிறேன். தம்பி தானாகவே கேட்டு சாதாரண எக்ஸ்ரே அறைக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்குப் பட்டப்பெயர் கிடையாதாம்.

வாரம் ஒருநாள் என்னைப் பார்க்க வருவான். மாத்திரையை எண்ணி டப்பாவில் போடுவான். முகத்தைப் பார்க்க மாட்டான். போன வாரம் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"தப்பு என் மேலதான்டா. நான்தான் உன்ன விடல."

"என்னக்கா?"

மறுபடி சொன்னேன். "காதுல விழலக்கா" என்றான். மூன்றாவது தடவை அவன் காதில் வாயை ஒட்டி, நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் கூட்டிச் சொன்னேன். அவன் கண்ணீர் என் கன்னத்தில் பட்டது.

"காதுல விழலக்கா" என்றான் தம்பி.