நடவுப் பாட்டுக்கு இரண்டாவது குரல்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். போன வருஷம் ஒரு நடவுப் பாட்டைச் சேர்ந்திசைக்கு எழுதினேன். ஒரு குழு மெட்டைப் பாடும்; இன்னொரு குழு அதே வரியை இரண்டு ஸ்வரம் கீழே பாடும். இரண்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். சேர்ந்தால்தானே?

என் பிள்ளைகளில் பாதிப் பேர் சாயங்காலம் கர்நாடக சங்கீதம் கற்கிறவர்கள். பக்கத்தில் ஒருத்தி வேறு ஸ்வரம் பாடினால் அவர்களுக்கு அது அபஸ்வரம். பாவம், தப்பாகப் பாடுகிறாளே என்று இரக்கப்பட்டு, குரலாலேயே அவளை இழுத்து வந்துவிடுவார்கள். நாலாவது வரிக்குள் எல்லோரும் ஒரே மெட்டில், கமகத்தோடு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார்கள். நாற்று நட்ட மாதிரியே இருக்காது.

தலைமையாசிரியை ஒருநாள் வந்து கேட்டார். "எல்லாரும் ஒண்ணாப் பாடத்தான் காலைல ப்ரேயர் இருக்கே டீச்சர். ஆண்டு விழாவுல புதுசா ஒண்ணும் தெரியலன்னா இந்த பீரியடை மேக்ஸுக்குக் குடுத்துடலாம்."

கணக்கின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனாலும் என் பீரியடை விட மனசில்லை. இரண்டாவது குழுவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு காதைப் பொத்திப் பாடச் சொன்னேன். அதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் அம்மா வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்.

"மிஸ், அம்மா இதைக் கேட்டா கொன்னுடுவா."

"பாடு," என்றேன். வேறென்ன சொல்வது?

விழா அன்று இரண்டாவது வரியில் குரல்கள் பிரிந்தன. அரங்கில் முன்வரிசை நெளிந்தது. பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று நினைத்து, தாய்மார்கள் உதவிக்கு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா விரலைத் தூக்கி "மேலே, மேலே" என்று காட்டினார். என் இரண்டாவது குழுவில் பாதி மேலே போய்விட்டது. அவள் மட்டும் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தன் ஸ்வரத்திலேயே நின்றாள். போனவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் திரும்பி வந்தார்கள். அவளைப் பார்த்ததில் எனக்கு அடுத்த வரியே மறந்துபோனது. நல்லவேளை, நான் பாட வேண்டியதில்லை.

முடிந்ததும் அவள் அம்மா வந்தார். "நன்னாப் பாடற கொழந்தைதான். இன்னிக்கு என்னமோ ஸ்ருதியே நிக்கலை. தப்பா எடுத்துக்காதீங்கோ."

பின்னாலேயே தலைமையாசிரியை.

"பாதிப் பேருக்கு மெட்டே பிடிபடல டீச்சர். ஒரு பீரியட் பத்தாது போல. வாரத்துக்கு ரெண்டா வெச்சுக்கோங்க."

விளக்கம் நாக்கு நுனி வரை வந்தது.

"சரி மேடம்," என்றேன்.