மாப்பிள்ளைக்கு மட்டும் மருந்து

வெள்ளிக்கிழமை மதியம் கருப்பட்டிக் கடையை அடைத்துவிட்டுப் போனில் துப்பாக்கிச் சண்டை போடுகிறேன். கத்தாரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் ஆடும் அணியில் நானும் ஓர் ஆள். வாரத்தில் அவள் என்னோடு நிதானமாகப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

"உங்களுக்குக் குறி பார்த்துச் சுட வராதுப்பா. ஆட்டத்துல அடிபட்டவங்களுக்கு மருந்து கொடுக்கிற ஹீரோவை எடுங்க. புதுசா வாரவங்களுக்கு அதுதான் லேசு" என்றாள். எடுத்தேன்.

இன்று மூன்று ஆட்டமும் தோற்றோம். மூன்றிலும் முதலில் செத்தது மகள்.

"அவருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் ஓடுதீங்க. நான் பக்கத்துலயே சாகக் கிடக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?"

"ஏளா, மாப்பிள்ளையைக் கவனிக்காம எப்படி?"

"கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சீங்க. விளையாட்டுலயாவது என்னைய முதல்ல பாருங்கப்பா."

மாப்பிள்ளை சத்தமில்லாமல் மைக்கை அணைத்துவிட்டார். காலையில் லோடு இறக்கியபோது வராத அசதி இப்போது வருகிறது.

விவரம் தெரிந்தவர்கள் அடுத்த வெள்ளிக்கு வேறு ஹீரோ சொல்லுங்கள். லேசான ஆளாக இருக்கட்டும். மாப்பிள்ளையே கேட்டாலும் மருந்து கொடுக்க முடியாத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது.