அக்கா கேட்டு வாங்கிய கொட்டகை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னாள் அவர் மகள். நான் உடன்பிறந்தவள் இல்லை. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டில் குடியிருந்தவள். லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். மணமான கையோடு கணவருடன் கப்பலேறி மலாயாவின் ஜொகூருக்கு வந்தார். சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் கணவரைக் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தார். ஆனாலும் அவர் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அந்நாளில் நாங்கள் குழந்தைகளை ரப்பர் மரத்தடியில் தூளி கட்டிக் கிடத்திவிட்டுத்தான் பால் வெட்டுவோம். ஒருநாள் என் மகன் வீறிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் முகமெல்லாம் செவ்வெறும்பு. நான் பதறி நின்றுவிட்டேன். அக்காதான் முந்தானையால் எறும்பைத் தட்டிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் போனார்.

"பிள்ளைங்களுக்கு ஒரு கொட்டகை போட்டுக் குடுங்க. பாத்துக்க ஒரு ஆள வைங்க."

"பால் வெட்ட வந்தீங்களா, தாலாட்டுப் பாட வந்தீங்களா? போய் வேலையப் பாரு!" என்றார் கங்காணி.

மறுநாள் காலை, பிள்ளைகளைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கே கொண்டுபோகலாம் என்றார் அக்கா. நாங்கள் நாலு தாய்மாரும் தயங்கினோம். வேலை போனால் வீடும் போய்விடும். துணையில்லாத அவருக்கோ வேறு போக்கிடமே கிடையாது.

"நான் முன்னாடி போறேன். யாராச்சும் கேட்டா என்னையக் கை காட்டுங்க" என்றார்.

பங்களா வாசலில் பாய் விரித்து ஐந்து குழந்தைகளையும் கிடத்தினோம். துரைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். வெளியே வந்து, "என்ன இது?" என்றார்.

"காட்டுல எறும்பு கடிக்குதுங்க தொரை. வெட்டு முடிஞ்சதும் வந்து தூக்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அக்கா திரும்பிப் பாராமல் நடந்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.

வேலை முடிந்து போனபோது பங்களா அமர்க்களப்பட்டுக் கிடந்தது. துரைசாணி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரர் இன்னொன்றுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். துரையின் வெள்ளைச் சட்டை நனைந்திருந்தது. அவர் அக்காவை முறைத்துப் பார்த்தார்.

"கொட்டகை எங்க போடணும்?"

"கிணத்தடி வேணாங்க, பிள்ளைங்க விழுந்துடும். ஆபீசு பக்கத்துல நெழலாப் பாத்துப் போடுங்க."

கொட்டகை எழும்பியது. ஆயா வேலையும் அக்காவுக்கே கிடைத்தது. எத்தனையோ பிள்ளைகள் அவர் மடியில் தூங்கி எழுந்தார்கள். நாங்கள் நிம்மதியாகப் பால் வெட்டினோம்.

மகளுக்கு மூவார் பட்டணத்தில் மணமானபின் அக்காவும் அங்கே போய்ச் சேர்ந்தார். மாலையில் ஆற்றங்கரையில் காலாற நடப்பார். "பொறந்த ஊருக்குப் போகணும்னு தோணலையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குடி? இங்க நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

கடைசியாக நான் பார்த்தபோது இருமலால் படுக்கையில் இருந்தார். "எனக்கு ஒரு கொறையும் இல்லடி. மீன் கொழம்பு இருக்கு, சாப்புட்டுட்டுப் போ" என்று, நான் உண்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் அமைதியாகக் கண்மூடினார்.

வீட்டுக்கே வந்து மருந்து தந்த டாக்டருக்கும், நாள்தோறும் கஞ்சி வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும், இறுதிச் சடங்குக்குக் கொட்டும் மழையில் லாரியேறி வந்த தோட்டத்து மக்களுக்கும், தன் தாயைப் போல் அவரைத் தாங்கிய மருமகனுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். திதிக்கு வரும் உறவினரும் நண்பர்களும் இருந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போக வேண்டும். அக்கா இருந்திருந்தால் சாப்பிடாமல் போக விட்டிருக்க மாட்டார்.