சயாமில் குளிராதாம்

மலாயாவின் மலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் தேயிலை ஆலை அடுப்புக்கு விறகு வெட்டுபவர். ஒண்டிக்கட்டை. நெடுநெடுவென்று உயரம், குளிரில் காது மடல்கள் எப்போதும் வெடித்திருக்கும். விடிந்ததும் எங்கள் அடுப்படிக்கு வந்து, உள்ளங்கைகளைத் தணலில் காட்டிக் காதுகளைப் பொத்திக்கொள்வார். பேச்சு குறைவு.

ஜப்பான்காரன் வந்ததும் ஆலை நின்றது, அவர் வேலை போனது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் வருஷத்துக்கு ஒன்று கிடைத்த கம்பளியும் நின்றது. அந்த மார்கழி மழையில் என் கைக்குழந்தைக்குப் போர்த்தக் கோணிச்சாக்குதான் இருந்தது. இருமி இருமி அதன் உதடு நீலமாகிவிட்டது.

ஒரு காலை அவர் தம் கம்பளியை மடித்து எடுத்துவந்தார். ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்குக் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டாராம்.

“அங்க குளிரே கெடையாதாம், தங்கச்சி. புள்ளைக்குப் போர்த்து.”

பிறகு அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்: “முன்ன போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா?”

கீழ் லயத்திலிருந்து போன ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. கடுதாசிகூட இல்லை. சொன்னால் அவர் நின்றுவிடுவார். கம்பளியும் அவரோடு நின்றுவிடும்.

“தெரியலண்ணே,” என்றேன். கம்பளி அதற்குள் என் மடியில் இருந்தது.

அவர் வழக்கம்போலக் கைகளைத் தணலில் காட்டிக் காதுகளைப் பொத்திக்கொண்டார். லோரி வந்தது, போனார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால், லயம் முழுக்கத் தெரிந்த சேதி அவருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் கேட்டார் என்றால், என் வாயிலிருந்து அவர் எதை எதிர்பார்த்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.