செல்வா லோயர் இனி பதுளைக்கு வரமாட்டான்

செல்வா போய்விட்டான்.

காலையில் ஆஸ்திரேலியாவிலிருந்து அவன் மனைவி போன் பண்ணினார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்...

அங்கே "முன்னாள் துணைவேந்தர் காலமானார்" என்று போடுவார்கள். எங்களுக்கு அவன் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன், செல்வா லோயர். பதுளையில் ஒரே சீனியர் வக்கீலிடம் நானும் அவனும் ஜூனியராக இருந்தோம்.

தோட்டத்து ஆட்கள் லோயரிடம் தனியாக வரமாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் கூடவே வருவார். எதைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார், கேஸ்காரர் தலையை மட்டும் ஆட்டுவார்.

செல்வாவுக்கு அது ஆகவே ஆகாது. "தலைவரே, நீங்க போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்பான்.

அந்த அக்கா லேசில் வாயைத் திறக்க மாட்டார். பாவி, அதுவரை சும்மாவே உட்கார்ந்திருப்பான். வெளியே கூட்டம் நிற்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போனான். இங்கே படித்த சட்டம் அங்கே செல்லவில்லை. திரும்ப முதலிலிருந்து படிக்க வழியில்லை, கையில் இரண்டு பிள்ளைகள்.

ஒரு யுனிவர்சிட்டியில், மாணவர்களின் முறைப்பாடு கேட்கும் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை பார்த்துக்கொண்டே மேலே மேலே படித்து... கடைசியில் அதே யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தர்!

வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தேன். "என்னத்த மச்சான்... இங்கயும் முறைப்பாடு சொல்ல வர்ற புள்ளைங்க வாயத் தொறக்குறதில்ல. கூட வர்ற மாமாதான் பேசுறாரு. அவர வெளிய அனுப்பிட்டுத்தான் கேக்குறேன்" என்றான். சிரித்தான், ஆனால் குரல் களைத்திருந்தது.

இப்போதுதான் ரிட்டயர் ஆனான். பதுளைக்கே வந்து என் ஆபீசில் உட்காருவதாக இருந்தான். "கோட்டுக்கு நீ போ. ஆளுங்க சொல்றத நான் கேட்டுக்குறேன்" என்றான்.

அதை நம்பித்தான் இவ்வளவு நாளும் ஆபீசை இழுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால்... என்னால் தனியாக முடியவில்லை.

இன்று மடுல்சீமையிலிருந்து ஒரு அக்கா மறுபடியும் வந்திருந்தார். லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். கூட வந்த தலைவர்தான் எல்லாம் பேசினார். அவரிடம் செல்வாவின் செய்தியைச் சொன்னேன்.

அதுவரை வாயே திறக்காத அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"செல்வா லோயரு வந்து கேப்பாருன்னீங்களே சார்... நா யாருகிட்ட சொல்றது?"

அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அக்கா இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். நான் போய்க் கேட்கவேண்டும்.

நீ தூங்கு மச்சான்...