ஒட்டகச்சிவிங்கியின் காலடி

என் ஒன்றுவிட்ட அக்கா ருகையா 1967ஆம் ஆண்டு காயல்பட்டினத்தில் பிறந்தவர். கணவர் ஹாமிது சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இப்போது முழங்கால் வலியோடு ஊரில் இருக்கிறார். மகன் நவாஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் வேலை பழகி, பின்பு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் சேர்ந்தவன். மருமகள் ருஷ்தா. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவது வழக்கம். ஆகவே மகன் வீட்டில் தாய் விருந்தாளியாகத் தங்கியது மொம்பாசாவில்தான் முதல் முறை. 2025 ஹஜ் பெருநாளை ஒட்டிய நீண்ட விடுமுறையில் ருகையா, நவாஸ், ருஷ்தா மூவரும் காரில் புறப்பட்டு, காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ருகையாவும் ருஷ்தாவும் ஒன்றுபோலச் சொன்னவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருந்தது. 1994இல் மொம்பாசாவில் கப்பல் நின்றபோது ஹாமிது காட்டுக்குப் போய்வந்தார். ஊர் திரும்பியதும், ஒட்டகச்சிவிங்கி அவ்வளவு உயரம் இருந்தும் நடந்தால் சத்தமே கேட்காது என்றார். “மாடியில பூன நடந்தாலே கேக்குது. கப்பக்காரங்க கதைய எங்கிட்ட அளக்காதீங்க” என்றார் ருகையா. அன்று முதல் யார் மிகைப்படுத்திப் பேசினாலும் அந்த வீட்டில் ‘சிவிங்கிக் கதை’ என்பார்கள். ருகையா விமானம் ஏறும் நாளில் ஹாமிது சொன்னார்: “டிவியில பாத்தது கணக்குல வராதுளா. காதால கேட்டுட்டு வந்து சொல்லு, நான் பொய்யனா இல்லியான்னு.”

செம்மண் சாலையில் செந்தூசி படிந்த யானைகளைக் கண்டதுமே ருகையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “ஏலே நவாஸு, நிப்பாட்டுலே! அங்கன பாரு, வரிக்குதிர!” என்று இருபுறமும் மாறி மாறித் தாவினார். ஒட்டகச்சிவிங்கிகளும் தென்பட்டன; ஆனால் தொலைவில். கார் நெருங்கினால் ஓடின. இறங்கி நடக்கவோ அனுமதியில்லை. முகாமுக்குள் மட்டும் நடக்கலாம், சாயங்காலம் அங்குள்ள முள்மரங்களை மேயச் சில வேளை அவை வரும் என்று முகாமின் வனக் காவலர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை திரும்ப வேண்டும். இருந்தது அந்த ஒரு மாலைதான்.

சாப்பாட்டைக் காருக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றும் காவலர் எச்சரித்திருந்தார். ருகையா கேட்கவில்லை. “பெருநா சஹன வண்டிக்குள்ள வைக்கிறதாக்கும்?” சஹன் என்பது நாலு பேர் சுற்றி அமர்ந்து உண்ணும் பெரிய தட்டு. அதை ஊரிலிருந்தே சுமந்து வந்திருந்தார். தரையில் துணி விரித்து, நெய்ச்சோறும் எங்கள் ஊர் விருந்துகளில் சமைக்கும் களறிக் கறியும் வைத்து, மூவரும் அமர்ந்தார்கள். நாலாவது பக்கம் காலியாக இருந்தது.

அங்கே ஒரு பெரிய பபூன் குரங்கு வந்து உட்கார்ந்தது.

“மாமி, நாலாவது ஆளு வந்துட்டாரு” என்றாள் ருஷ்தா, அசையாமல்.

“பிஸ்மி சொல்லிச் சாப்பிடுதாரான்னு பாரு” என்றார் ருகையா. அதற்குள் குரங்கு தட்டோடு இழுக்க, சோறு புல்லெல்லாம் சிதறியது. நவாஸ் ஹாரன் அடித்து அதை விரட்டினான்.

காவலர் ஓடி வந்தார். சோற்று ருசி கண்டால் குரங்குகள் இனி ஒவ்வொரு கூடாரத்தையும் கிழிக்கும் என்று கடிந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் ஒரு பருக்கைகூட இல்லாமல் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் உடனே கூடாரத்தைப் பிரித்துக் கிளம்ப வேண்டும் என்றார்.

“போயிரலாம் உம்மா. இது முடியுற காரியமா?” என்றான் நவாஸ்.

“வாப்பாட்ட நீ போயிப் பதில் சொல்லுவியாலே? குனி!”

மூவரும் முழங்காலிட்டார்கள். நெய்ச்சோறு புல்லில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பேச்சு நின்றது. குனிந்த தலை நிமிராமல் ருகையா பொறுக்கிக்கொண்டே போனார். திடீரென்று அவர் கைமேல் நிழல் விழுந்தது. அண்ணாந்தார். பத்தடி தூரத்தில் நான்கு கால்கள்; அவற்றுக்கு மேலே, முள்மரத்தின் உச்சியில், இலை மென்றுகொண்டிருக்கும் வாய்.

எப்போது வந்தது? மூவரில் ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

ருகையா அப்போதும் விடவில்லை. கண்களை இறுக மூடிக் காதைக் கூர்மையாக்கினார். இலை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கண் திறந்தபோது ஒட்டகச்சிவிங்கி அடுத்த மரத்தருகே நின்றிருந்தது. கை நிறையச் சோற்றோடு அவர் சிறுமிபோலக் குதித்தார். புல்லைச் சுற்றிப் பார்த்த காவலரும் சிரித்துவிட்டு, தங்கிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் நெடுஞ்சாலையை எட்டியதும் ஹாமிதின் அழைப்பு வந்தது.

“சத்தம் கேட்டுச்சாளா?”

“ஹலோ... இங்கன டவர் சரியில்லங்க.”

“டவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பதிலச் சொல்லு.”

“எல மெல்லுற சத்தம் கேட்டுச்சு.”

“காலு?”

“கேக்கல. நீங்க சொன்னது நெசந்தான், போதுமா?”

அவர் சொன்னது 1994இல். இவர் ஒப்புக்கொண்டது 2025இல். முப்பத்தொரு ஆண்டுகள்.