இறுகிக் கிடந்த ரீல்

எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க்கு ஆகாத காரியமே கிடையாது. தலைக்கு, விளக்குக்கு, மீன் பொரிக்க, முட்டுவலிக்கு, கிரீச்சிடும் கதவுக்கு, சைக்கிள் சங்கிலிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் பழக்கத்தால் பாழாய்ப்போன ஒரு தூண்டில் ரீலை என் அக்கா தேர்ந்தெடுத்த கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் மானமும் கொஞ்சம் போகும். போகட்டும்.

அது எல்லைப் போராட்டக் காலம். பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழர்கள் எந்த மாநிலத்தில் சேரப் போகிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வாயால் போராடியவன். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், தெருவில் இறங்கிப் போராடியவர். ஒரு ஊர்வலத்தில் விழுந்த லத்தியடியில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் செத்துப்போயின. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சின.

அத்தான் காரோடு என்னும் கடலோர ஊர்க்காரர். பகலில் வயலோ தென்னந்தோப்போ, எங்கே வேலை செய்தாலும் சாயங்காலம் வீச்சுவலையோடு, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் போய்விடுவார். வலை வீச இரண்டு கையும் முழுசாக வேண்டும். அடிபட்ட பிறகு வலையை யாரோ கேட்டார்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அழவில்லை, யாரையும் ஏசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் முற்றத்துத் தென்னையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

"மீன் பிடிக்காம இந்த மனுசன் இருக்க மாட்டாருலே. இப்படியே விட்டா போய்ச் சேந்திருவாரு," என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அக்கா தையல்காரி. ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே, மலையோரத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு துரையின் பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பாள். துரை குடும்பம் சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டியபோது, கடைசி வேலையின் கூலிக்குப் பதிலாக இவள் ஒரு தூண்டில் ரீலைக் கேட்டிருக்கிறாள். ரீல் என்றால், கம்பின் மேல் உட்காரும் பித்தளைச் சக்கரம், பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. துரை ஆற்றில் மீன் பிடிப்பதை இவள் பார்த்திருந்தாள். ஒரு கை கம்பை வீசும். அதே கையின் பெருவிரல் ஓடுகிற நூலை அமர்த்தும். மற்ற கையின் இரண்டே விரல் கைப்பிடியைச் சுற்றும். மூன்று விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை! படித்த எனக்கு ஏழு ஜென்மத்திலும் இது தோன்றியிருக்காது.

துரையிடம் இரண்டு ரீல் இருந்தன. பிடித்ததை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். இரும்புச் சாமான் பார்க்க ஆண்துணை வேண்டும் என்று நானே வலியக் கூடப் போனேன்.

பங்களாச் சமையல்காரர் இரண்டையும் மேசையில் வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், விர்ரென்று சுற்றியது. மற்றது கறுத்துப்போய் இறுகிக் கிடந்தது. நான் முழுப் பலத்தோடு திருகியும் கால் சுற்றுக்கு மேல் அசையவில்லை.

"அது கேடாணு சாரே, இது எடுத்தோ," என்று சமையல்காரர் மலையாளத்தில் சொல்லிப் பளபளப்பை என் பக்கம் தள்ளினார். கறுத்தது கெட்டுப்போகாமல் இருக்கத் தான் மாதாமாதம் எண்ணெய் விட்டுத் துடைத்ததாகவும், அப்படியும் கெட்டுப்போயிற்று என்றும் வருத்தப்பட்டார்.

அக்கா கறுத்த ரீலை எடுத்து மூக்கில் வைத்து மோந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வைத்தாள். பிறகு பளபளப்பு ரீலின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றாமல், பக்கவாட்டில் ஆட்டினாள். லொடலொடவென்றது. கறுத்ததை ஆட்டினாள். சத்தமே இல்லை. அடுத்து இரண்டின் திருகாணிகளையும் நகத்தால் தடவிப் பார்த்தாள். பளபளப்பில் திருகாணித் தலையெல்லாம் பல தடவை கழற்றி மாட்டி மழுங்கியிருந்தது.

"இது மதி, இதுவே போதும்," என்று கறுத்த ரீலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒனக்கு மண்டை கெட்டுப் போச்சா? ரெண்டு விரலு உள்ள மனுசனுக்கு இந்த எளவையா கொண்டு குடுக்கப் போற?" என்று சமையல்காரர் முன்னாலேயே கத்தினேன்.

"சும்ம இரிலே. இளகிச் சுத்துறது நல்லதாக்கும்னு ஒனக்கு யாரு சொன்னா? அதுக்குப் பல்லு தேஞ்சு போச்சு, ரெண்டு வருசம் ஓடாது. அவியளுக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆவுது. கெழவனாவது வரைக்கும் மீன் பிடிக்கண்டாமா?"

பெருங்கடவிளைச் சந்தை வரை நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன். சந்தையில் அவள் அரைக் குப்பி மண்ணெண்ணெய் வாங்கினாள். அதற்கும் ஏதோ குத்தலாகச் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் முறத்தில் வெள்ளைத் துணி விரித்து ரீலைக் கழற்ற உட்கார்ந்தாள். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக வைத்தாள். உள்ளே பல்சக்கரத்தின் மேல் மஞ்சளாக ஒரு பிசின் அப்பியிருந்தது. "பாத்தியா, தேங்காயெண்ணெ. என் மெஷினுக்கு இதை விட்டு நான் படாத பாடா? மழக்காலம் கழிஞ்சா பசையாட்டு ஒட்டிரும்." மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்ததும் அடியிலிருந்து பித்தளைப் பற்கள் ஒரு தேய்மானமும் இல்லாமல் வெளியே வந்தன. துரை அதை அதிகம் தொட்டதே இல்லை போலும். மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டு மாட்டினாள். கைப்பிடி சத்தமில்லாமல் சுற்றியது. எங்கள் தாலூகா கேரளத்திலேயே நிற்கும் என்று முடிவாகி, ஊர்வலம் போனவர்களுக்கெல்லாம் நரை விழுந்த பிறகும், அந்த ரீல் ஓடிக்கொண்டிருந்தது. என் அக்காவைப்போல ஒரு கண் எனக்கு இல்லையே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆனால் ரீல் ஓடினால் போதுமா? அக்கா அதை ஒரு மூங்கில் கம்பில் கட்டி நூலும் சுற்றி வைத்தாள்; அத்தான் அதைத் தொட ஒரு வாரம் ஆயிற்று. தொட்ட அன்றும் இடது கை வீச்சு பழகவில்லை. பெருவிரல் ஒரு நொடி பிந்தினால் ரீல் நூலை முந்திச் சுற்றி, தேங்காய் நார் உருண்டை மாதிரி சிக்கு விழுந்துவிடும். முதல் நாள் எட்டுத் தடவை விழுந்தது. அத்தான் கம்பைக் கீழே வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அக்கா கூப்பிடவில்லை. பொழிமுகத்து மணலில் உட்கார்ந்து பின்னூசியால் சிக்கை எடுத்தாள். எடுத்து முடித்ததும், "சரியாச்சு, வாருங்க," என்றாள். அவர் வந்தார். இப்படியே ஒரு மாதம் சாயங்காலம்தோறும் நடந்தது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் பெரிய கொடுவா மீன் ஒன்று மாட்டியது. நூல் கீச்சென்று ஓட, கம்பு வளைந்தது. அத்தான் இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்துத் திணறினார். நான் ஓடிப்போய்க் கம்பைப் பிடிக்கப் பார்த்தேன்.

அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தினாள். "தொடாத மக்கா, கும்பிட்டுக் கேக்கேன். அவிய பிடிக்கட்டும்."

வெகுநேரம் இழுபறி. மீன் ஒரு தடவை வெள்ளையாகப் புரண்டு முகம் காட்டியது, என் தொடை தண்டி இருக்கும். அடுத்த இழுப்பில் பாறைச் சிப்பியில் நூல் அறுந்து, கம்பு நிமிர்ந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இனி இந்த மனுசன் எழுந்திருக்க மாட்டார் என்றே நினைத்தேன்.

அத்தான் திரும்பினார். ஆள்காட்டி விரலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. "எம்மாடி, என்னா இழுப்பு இழுத்துப் போட்டான்! நீங்க பாத்தியளா?" என்று சத்தம்போட்டுச் சிரித்தார். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அந்தக் கையை அக்காவிடம் நீட்டினார்.

"வேற நூல் உண்டா?"

ஒரு வருஷத்தில் அவர் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது. மூன்று விரல் போனபோதும் எங்கள் முன்னால் அழாத அக்கா, மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, "உண்டு, உண்டு, தாறேன்," என்று பையைத் துழாவினாள்.